ரெண்டு செட்டும் ஒரு பத்தாயமும்

பெண்டாட்டியின் பத்தாயத்தைப் பாட வைப்பது என்று ரசலையன் தீர்மானித்தான். பத்தாயத்துக்குள் நெல் இருந்தது. அது ஒன்றுதான் இடைஞ்சல்.

ரசலையன் மைக்செட்டுக்காரன். தக்கலைக்கு மேற்கே, பஸ் நிற்கிற சந்தைமுக்கிலிருந்து ரெண்டு கூப்பிடு தூரத்தில் வீடு. கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுவான். சாவுக்கும் போடுவான். அந்த வருஷம் கல்யாணம் இல்லை. கும்பப்பூ விளைச்சல் பதராய்ப் போயிருந்தது. காலையில் மரச்சீனிக் கிழங்கு, மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு, ராத்திரி மத்தியானத்து மிச்சம். இனியும் இருந்தால் பேரப்பிள்ளை பங்குக் கிழங்குக்குக் கேடு என்று நினைத்ததுபோலக் கிழடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஊரில் ஓய்வில்லாமல் வேலை நடந்தது ரெண்டே பேருக்கு. ஒருவன் குழி வெட்டுகிறவன். மற்றவன் ரசலையன்.

அது போக ரேஷன். திருக்கொச்சி சர்க்காரின் அரிசி எப்போது வரும் என்பது சர்க்காருக்கே தெரியாது. வந்தால் கடைக்காரர் ஆள் அனுப்புவார். ரசலையன் வீட்டில் இருந்தபடியே மைக்கில் சொல்லுவான். வீட்டிலிருந்து இழுத்த வயர் தென்னைக்குத் தென்னை தாவிப் போய், சந்தைமுக்குப் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் முடியும். அந்த ஸ்பீக்கர் 'கொர்' என்று ஒரு கனைப்புக் கனைத்தால் போதும். சவரம் பாதியில் நிற்கும், சண்டை பாதியில் நிற்கும், எல்லாரும் சாக்குப்பையைப் பிடித்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பாதிரியார் பிரசங்கத்தைக்கூட ஊர் அப்படிக் கேட்டது கிடையாது.

இதெல்லாம் பழைய செட்டின் உபயம். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட ஆம்ப்ளிபயர் அது. பச்சைப் பெயின்ட், தூக்குவதற்கு ரெண்டு ஆள். உள்ளே இருக்கிற வால்வுகள் ஒவ்வொன்றும் பாளையங்கோட்டன் வாழைப்பழம் கனம் இருக்கும். பேட்டரியைக் கொடுத்தால் ஒரு வெற்றிலை போடுகிற நேரம் கழித்துத்தான் சிவந்து வரும். வந்த பிறகு அதன் வாயை அடைக்க யாராலும் முடியாது.

அந்தச் செட்டின் குரல்தான் கொஞ்ச நாளாய் மங்கிக்கொண்டு வந்தது. வால்வை மாற்றினான். கிராமபோன் ஊசியை மாற்றினான். ஸ்பீக்கரின் தகட்டை மாற்றினான். மங்கல் போகவில்லை. கூடவே ஊரும் மங்கியது. கோழி முன்போலக் கூவுவதில்லை. கோயில் மணியில் விரிசல் விழுந்துவிட்டது. பஸ்காரன் ஹாரனைக் கழற்றி விற்றுத் தின்றுவிட்டான். பெண்டாட்டி சத்தியபாய், வந்த புதிதில் அவள் 'உம்' என்றால் நாலாம் வீட்டில் நாய் எழுந்திருக்கும், அவளும் இப்போது வாயை அசைப்பதோடு சரி. பஞ்சம் என்றால் பஞ்சம், சத்தத்துக்கும் பஞ்சம் வந்துவிட்டதே என்று ரசலையன் வருத்தப்பட்டான்.

அவனுடைய வலது காதுக்குள் மட்டும் பஞ்சமில்லை. அங்கே எந்நேரமும் ஒரு சீவீட்டுப் பூச்சி ராத்திரிபோலக் கத்திக்கொண்டிருந்தது. போன பெரிய வெள்ளிக்கிழமை அவன் ஸ்பீக்கரின் வாய்க்குள் தலையை விட்டு வயரைத் திருகிக்கொண்டு நின்றபோது, யாரோ செட்டின் ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். அது ஒரு கூவல் கூவியது. அன்றைக்கு உள்ளே போன சீவீடு. 'சளி' என்று ரசலையன் சொன்னான். தனக்குத்தான் சொன்னான். வேறு யாருக்கும் மூச்சு விடவில்லை. காது போன மைக்செட்டுக்காரன் என்று பேர் வந்தால் இருக்கிறவன் கூப்பிடமாட்டான், செத்தவனும் கூப்பிடமாட்டான்.

ஆகவே குற்றம் பழைய செட்டில் என்று முடிவாயிற்று. நாகர்கோவில் கடைக்காரர் ஒருவர் புது செட்டு ஒன்றைக் கொடுத்து, "கொண்டுபோய் வச்சுப் பாரும். பிடிச்சா எடும், இல்லன்னா திருப்பிக் குடும்" என்றார். கைக்கு அடக்கமான பெட்டி. விரல் விரலாய் வால்வு. குழாய் ஸ்பீக்கர் இல்லாமல் காகிதக் கோன் வைத்த வட்ட ஸ்பீக்கர். கொண்டுவந்து போட்டான். அதுவும் மங்கலாகத்தான் கேட்டது.

அவன் அசரவில்லை. கோன் ஸ்பீக்கர் நல்ல மரப்பெட்டிக்குள் இருந்தால்தான் பேசும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தேயிலைப் பெட்டியில் வைத்துப் பார்த்தான். தேயிலை வாசனை வந்தது. வைரம் பாய்ந்த அயினி மரப் பலகை வேண்டும். அந்த ஊரில் அப்படிப்பட்ட பலகையில், ஆள் உள்ளே உட்காருகிற உயரத்தில், மூலைக்கு மூலை இடைவெளி இல்லாமல் கோர்த்த பெட்டி ஒன்றே ஒன்று இருந்தது. சத்தியபாய் கல்யாணத்துக்கு அவளோடு மாட்டுவண்டியில் வந்த பத்தாயம்.

அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து ரசலையன் பத்தாயத்துக்குள் இறங்கினான். நெல் முழங்காலுக்குக் கீழே கிடந்தது. அது போன வருஷத்து நெல். அடுத்த போகம் கன்னிப்பூ அறுக்கிற வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரம் கஞ்சி என்று அவள் கணக்காய் அளந்து எடுக்கிற நெல். ரசலையன் மூடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து, "ஓம்ம்ம்" என்றான். பலகை நெஞ்சில் அதிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு முறை "ஓம்ம்ம்" என்றான்.

மூடி திறந்தது. மேலே சத்தியபாய், கையில் நாழியோடு.

"கிறிஸ்தவன் வீட்டுப் பத்தாயத்துல யாருடா 'ஓம்' சொல்லுகதுன்னு பாத்தேன்."

"ஏட்டி, இந்தப் பத்தாயத்தை ஒழிச்சுக் குடு."

"எதுக்கு?"

"புது செட்டுக்குப் பெட்டி வேணும்."

"நெல்லு?"

"சாக்குல கெட்டி வையி."

"சாக்குல கெட்டினா எலிக்குக் கல்யாணம். நீங்க பாட்டுப் போடுங்க."

"நான் சொல்லுகது மனசிலாச்சா ஒனக்கு? பழைய செட்டு கழனித்தண்ணி. புது செட்டு பசும்பால். பழசுல நாதஸ்வரம் மூக்கடைச்சு வருது. புதுசுல..."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்குது."

"ஒனக்குக் காது இல்ல."

சத்தியபாய் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். "எனக்கா?" என்றாள்.

ரசலையன் பத்தாயத்தில் இருந்தபடியே நெஞ்சை நிமிர்த்தினான். "கண்ணைக் கெட்டிப் போட்டுப் பாட்டுப் போடு. எது பழசு, எது புதுசுன்னு ஒத்த நொடியில சொல்லுதேன்."

அவள் நாழியைக் கீழே வைத்தாள்.

"செரி. மூணு தடவை போடுவேன். மூணும் சரியாச் சொன்னா பத்தாயம் ஒங்களுக்கு. நெல்லும் ஒங்களுக்கு. இந்த வீடும் ஒங்களுக்கு. நான் திருவட்டாத்துல எங்கம்மைக்கிட்டப் பெய்டுவேன்."

"தப்பாச் சொன்னா?"

"நான் சொல்லுக ஒரு காரியம் நீங்க கேக்கணும்."

"என்ன காரியம்?"

"தோத்த பெறகு சொல்லுதேன்."

அம்மை வீட்டுக்குப் போவேன் என்பதை ரசலையன் தாலி கட்டிய நாளிலிருந்து கேட்டு வருகிறான். கோயிலில் 'ஆமென்' போல அது ஒரு வழக்கம். பத்தாயம் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டான். நாழியை எடுத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். இடவப்பாதி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அந்த நடை. அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம் அண்ணாச்சிதான் ஓடிவந்து தூக்கினார். முன்னறையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த ரசலையன், காப்பி ஏன் வரவில்லை என்று பார்க்கப் போனபோதுதான் கண்டான். "ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்லா?" என்று அவளைக் கடிந்தும் கொண்டான். அன்றைக்கும் அவள் இப்படித்தான் பார்த்தாள்.

*

பந்தயம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று பேச்சு. வியாழக்கிழமை சத்தியபாய் உபவாச ஜெபத்துக்குப் போனாள். ரசலையன் ரெண்டு செட்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழசின் சத்தத்தை மரத்துக்குப் போகவிடாமல் வீட்டிலிருந்த குழாய்க்குத் திருப்பினான். ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று நினைத்தான். நாதஸ்வர ரிக்கார்டைப் போட்டு, கண்ணை மூடி, பழசைக் கேட்டான். பிறகு புதுசைக் கேட்டான்.

கழனித்தண்ணியும் இல்லை, பசும்பாலும் இல்லை. ரெண்டிலும் அதே சீவீடு.

மறுபடி கேட்டான். செட்டைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டான். கண்ணை இறுக்கி மூடினால் காது திறக்கும் என்று எண்ணி, கண் வலிக்கிற மட்டும் மூடினான். நாதஸ்வரம் எங்கேயோ ஆற்றுக்கு அக்கரையில் ஊதியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சளி என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டது அந்த இடத்தில் செத்தது. அதற்குப் பாட்டுப் போட யாரும் இல்லை.

பயம் வந்தால் மனுஷனுக்குப் புத்தி ஓடும். ரசலையனுக்கு மூக்கு ஓடியது. சூடேறின பழைய செட்டிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. உருகின மெழுகு, கருகின தூசி, உள்ளே எந்தக் காலத்திலோ விழுந்து வெந்த பாச்சை. புது செட்டில் வார்னீஷ் வாசனை. கண்ணை மூடி மோந்தான். பழசு. நகர்ந்து மோந்தான். புதுசு. செட்டை மாற்றி இடத்தை மாற்றி மோந்தான். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

இன்னொன்றும் தட்டுப்பட்டது. பழைய செட்டு ஓடும்போது பெஞ்சே விறுவிறு என்று நடுங்கும். கால் பெருவிரலைப் பெஞ்சுக் காலில் ஒட்டி வைத்தால் போதும். நடுங்கினால் பழசு, நடுங்காவிட்டால் புதுசு.

காது போனால் என்ன? கர்த்தர் ஒரு வாசலை அடைத்தாலும் மூக்கில் ரெண்டு வாசல் திறந்துதானே வைத்திருக்கிறார். ரசலையன் பெருவிரலைப் பெஞ்சில் வைத்துக்கொண்டு, மூக்கை நீட்டி, நன்றாகச் சிரித்தான். ஜன்னல் பக்கம் முதுகு.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொன்னுலிங்கம் அண்ணாச்சி மத்தியஸ்தராக வந்தார். தலையில் துண்டு, நெற்றியில் ஐயா வழி வெள்ளை நாமம். பொய் சொல்லாத மனுஷர். பொய் சொல்லியே தீரவேண்டிய நிலைமை வந்தால் இருமுவார். சாவு வீட்டில் 'நல்ல மனுஷனா இருந்தார், இல்லியா அண்ணாச்சி?' என்று யாராவது கேட்டால் சில சமயம் இருமலாக இருமுவார்.

ரசலையன் பெஞ்சுப் பக்கம் முக்காலியை இழுத்தான்.

"அங்க வேண்டாம்" என்றாள் சத்தியபாய். "எந்தச் சாமானுக்காகப் பந்தயமோ அதுக்க மேலதான் உக்காரணும். ஏறுங்க பத்தாயத்துல."

"எதுக்குட்டி? இங்க இருந்தா நல்லாக் கேக்கும்."

"அங்க இருந்தும் கேக்கும். காதுதானே கேக்கப் போவுது? இல்ல, காலா?"

ரசலையன் பத்தாயத்தில் ஏறினான். கால் ரெண்டும் தரை தொடாமல் தொங்கின, சந்தையில் கட்டிவைத்த கோழி போல. பெருவிரல் பெஞ்சைத் தேடி அந்தரத்தில் ரெண்டு ஆட்டம் ஆடிவிட்டு அடங்கியது. பரவாயில்லை, மூக்கு இருக்கிறது. வழக்கமாக அவன் ரேஷன் விளம்பரம் சொல்லுகிற இடம் அது. மைக் ஸ்டாண்டு பக்கத்திலேயே நின்றது.

சத்தியபாய் துண்டை மடித்து அவன் கண்ணைக் கட்டினாள். "காதை நல்லாத் திறந்து விட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க."

"அதெல்லாம் திறந்துதான் கிடக்கு. போடச் சொல்லு அண்ணாச்சியை."

"இருங்க. அடுப்புல ஒண்ணு கிடக்கு."

அவள் போனாள். அடுத்த நொடி வந்தது வாசனை. சாளைக் கருவாடு. அதுவும் பொரித்தது இல்லை, தணலில் போட்டுச் சுட்டது. பஞ்ச காலத்தில் எங்கேதான் பதுக்கி வைத்திருந்தாளோ. புகை அடுக்களையிலிருந்து எழுந்து, முன்னறையில் புகுந்து, ரசலையனுடைய மூக்கில் குடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டது. அந்த வாசனையில் பழைய செட்டு என்ன, வீடே தீப்பிடித்தாலும் தெரியாது.

"ஏட்டி! இந்த நேரத்துலயா கருவாடு சுடுகது?"

"அண்ணாச்சி வந்திருக்காரு. கிழங்குக்கு ஒண்ணும் இல்லாண்டா எப்பிடி?"

"அண்ணாச்சி மீன் திங்கமாட்டாரே!"

பொன்னுலிங்கம் இருமினார்.

"புகை" என்றாள் சத்தியபாய். "போடுங்க அண்ணாச்சி. ஒண்ணாவது தடவை."

ரசலையன் கழுத்தை நீட்டினான். ஆற்றுக்கு அக்கரையில் நாதஸ்வரம். சீவீடு. சாளை. நெற்றியில் வேர்த்தது.

"ம்... என்ன சொகம்! தேன் ஒழுகுகமாதிரி ஒழுகுது. இது புதுசு."

முடிவு சொல்வது கடைசியில்தான் என்று ஏற்பாடு.

"ரெண்டாவது."

"இது... பாருங்க அண்ணாச்சி, கரகரன்னு ஒரு கட்டை. வயசானவன் தொண்டை. நாதஸ்வரக்காரனுக்குச் சளி பிடிச்சமாதிரி இல்லியா? இது பழசு."

பொன்னுலிங்கம் இருமினார். பெரிய இருமல். ரசலையனுக்கே அது கேட்டது.

"மூணாவது" என்றாள் சத்தியபாய், அவன் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து. பிறகு ஒரே நிசப்தம். ரசலையன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. சீவீடுகூடக் கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது. வால்வு சூடாக நேரம் ஆகும், ஆகட்டும் என்று இருந்தான். வெற்றிலை போடுகிற நேரம் ஆயிற்று. துப்புகிற நேரமும் ஆயிற்று. இனி பேசாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள். கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை, இத்தனை சுத்தம் எதில் வரும்?

அவன் துள்ளினான். "இதுதான் புதுசு! கேட்டீங்களா அண்ணாச்சி? ஒரு பிசிறு உண்டா? எண்ணெயில ஊறின நூல் மாதிரி இழையுது! இந்தச் சுத்தம் பழசுக்கு ஏழு ஜென்மத்துலயும் வராது. ஆகா! அந்தக் கடைசி இழுப்பு இருக்கே..."

"மக்கா" என்றார் பொன்னுலிங்கம்.

"பொறுங்க அண்ணாச்சி, பாட்டு முடியட்டும்."

"மக்கா, பாட்டு போடல்ல."

துண்டு அவிழ்ந்தது. பெஞ்சின் மேல் கிராமபோன் முள் தூக்கிவைத்தபடி இருந்தது. தட்டு சுற்றவில்லை.

"மொத தடவை பழசு" என்றார் பொன்னுலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டாவதும் பழசுதான். புதுசை நாங்க தொடவே இல்ல."

ரசலையன் சிரித்துப் பார்த்தான். சிரிப்பு பாதியில் வழுக்கியது. "நான்... வெளையாட்டுக்குச் சொன்னேன். பாட்டு இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பம் இப்ப அண்ணாச்சி என்ன சொன்னாருன்னு சொல்லுங்க" என்றாள் சத்தியபாய்.

அவன் திரும்பிப் பார்த்தான். பொன்னுலிங்கம் அவனுக்கு வலது பக்கமாக வந்து நின்றிருந்தார். அவர் வாய் அசைந்து முடிந்திருந்தது.

அடுக்களையில் கருவாடு தீய்ந்தது. யாரும் போய் எடுக்கவில்லை.

"இடவப்பாதியில கிணத்தடியில விழுந்தேன்லா" என்றாள் சத்தியபாய். இப்போது அவள் அவனுக்கு நேராக, மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தன் வாயை அவன் பார்க்கும்படி நின்று சொன்னாள். "கூப்பிடல்லன்னு ஏசினீங்க. நான் கூப்பிட்டேன். மழையில கிடந்து கூப்பிட்டேன். ஜன்னல்ல ஒங்க முதுகு எனக்குத் தெரிஞ்சுது. வயரு சுத்திக்கிட்டு இருந்தீங்க. நாலு வீட்டுக்கு அங்க இருந்து நாய் வந்துது. அண்ணாச்சி வேலி தாண்டி வந்தாரு. நீங்க திரும்பல்ல."

ரசலையன் அவிழ்ந்த துண்டை மடியில் வைத்துத் திருகினான்.

"அதுக்குப் பெறகு எனக்கு உறக்கமில்ல. ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, இந்த மனுஷனுக்குக் காது கேக்கல்ல. இல்லன்னா, கேட்டுட்டும் வரல்ல. கேட்டா 'எனக்குக் காது பாம்புக் காது'ன்னு சத்தியம் பண்ணுகீங்க. அப்பம் கேட்டுட்டுத்தான் வரல்லியா? காது கேக்காதவன்கூடக் காலம் தள்ளலாம். கேட்டுட்டும் வராதவன்கூட ஒரு நேரம் கஞ்சி குடிக்க முடியாது. துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன், பாருங்க."

மூலையில் தகரப்பெட்டி இருந்தது. அது அங்கே இருப்பதை ரசலையன் அப்போதுதான் பார்த்தான். மூக்கு மட்டும் ஜெயித்திருந்தால்! அயினிப் பலகைப் பத்தாயம் கிடைத்திருக்கும். அதற்குள் ஸ்பீக்கரை வைத்து, ஆளில்லாத வீட்டில், கேட்காத காதுக்கு நாதஸ்வரம் போட்டுக்கொண்டு இருந்திருப்பான்.

"கேக்கல்லட்டி" என்றான். "சத்தியமாக் கேக்கல்ல. வலது காது போச்சு. இடதுலயும் பாதிதான். கேட்டிருந்தா வந்திருக்கமாட்டேனா? இன்னைக்குக்கூட மூக்கை வச்சு ஜெயிச்சிரலாம்னுதான்..."

"தெரியும். நேத்து ஜெபம் சீக்கிரம் முடிஞ்சுது. ரெண்டு பெட்டியையும் நீங்க பட்டி நாய் மாதிரி மோந்து மோந்து சிரிச்சதை ஜன்னல் வழியாப் பாத்தேன். அது செட்டு வாங்கப்போற சிரிப்பா, பைத்தியம் பிடிச்ச சிரிப்பான்னு தெரியாம பயந்துட்டேன். ஒரு பிடி கருவாடுதான் இருந்துது. அதையும் தீச்சாச்சு."

"காலு?"

"பெருவெரலையும் பாத்தேன்."

ரசலையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அவள் அழுகை அடங்கும் வரை காத்திருந்தாள்.

"தோத்தாச்சுல்லா? இனி நான் சொல்லுகதைக் கேளுங்க. நாளைக்குக் காலையில மொத பஸ். மிஷன் ஆஸ்பத்திரியில பெய் காதைக் காட்டணும்."

"காட்டுதேன். ஆனா ஊர்ல ஒரு குஞ்சுக்குத் தெரியக்கூடாது, கேட்டியா? செவிட்டு மைக்செட்டுக்காரன்னு பேரு வந்தா அன்னைக்கே தொழில் போச்சு. அண்ணாச்சி, ஒங்க காலைப் பிடிக்கேன். யாருக்கும் சொல்லிராதீங்க."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன், மக்கா. ஐயா மேல ஆணை" என்றார் பொன்னுலிங்கம். இருமவில்லை.

"நீ?"

"நானும் இனி ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் சத்தியபாய். பெஞ்சுக்குப் போய்ப் பழைய செட்டில் எதையோ திருகினாள். உள்ளே சிவந்திருந்த வால்வுகள் மெல்லக் கறுத்தன. செட்டு சூடாகக் கிடந்தது, அணைக்கிறாள் என்று ரசலையன் நினைத்தான். அதற்கு மேல் நினைக்க அன்றைக்கு அவனிடம் தெம்பு இல்லை.

*

மறுநாள் சந்தைமுக்கில் பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி வந்து ரசலையனுடைய இடது பக்கமாகச் சுற்றி நின்று, கையைக் குவித்து, "எங்கே போணும்?" என்று கத்தினார். புதுக் கண்டக்டர், முரடன் போலிருக்கிறது என்று ரசலையன் எண்ணினான்.

உள்ளே ஏறினான். முன்சீட்டுக்காரி ஒருத்தி எழுந்து வலதுபுற ஜன்னலோர இடத்தைக் காட்டினாள். "இஞ்ச இருங்க, அப்பம்தான் இடது காது ஆள் பக்கம் வரும்." பின்னால் இருந்தவன் எட்டி இடது காதில், "நல்ல டாக்டரு! பயப்படாண்டாம்!" என்று முழங்கினான். ஒரு கிழவி சத்தியபாயின் காலைத் தொட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, ரசலையனைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தாள். அந்த மூக்கைப் பார்த்ததும் பஸ்ஸில் நாலு பேர் சிரிப்பை அடக்கி வெளியே பார்த்தார்கள்.

ஜன்னல் வழியாகப் புளியமரம் தெரிந்தது. அதில் ஸ்பீக்கர். அடியில் சாக்குப்பைகளோடு ஊர். நேற்று அவன் உட்கார்ந்திருந்த பத்தாயம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மைக் ஸ்டாண்டு. சூடாகக் கிடந்த பழைய செட்டு.

"ஏட்டி" என்றான், மெல்ல. "மைக்கை... மரத்து ஸ்பீக்கருக்கு எப்பம் திருப்பின?"

"மூணாவது தடவைக்கு."

"பாவி மட்டை! ஏன்?"

"இல்லன்னா இன்னைக்குச் சளின்னு சொல்லுவீங்க, நாளைக்குச் சாவுன்னு சொல்லுவீங்க, ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டீங்க. இனி ஒளிக்கதுக்கு என்ன இருக்கு? போன காது வருமோ வராதோ, இருக்கதையாவது காப்பாத்தணும்லா."

"தொழிலு?"

பின்சீட்டிலிருந்து கோயிலின் எலிசா உபதேசியார் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து, முறைப்படி இடது பக்கம் குனிந்தார்.

"மக்கா, நாளைக்கு அடக்க ஆராதனை ஒண்ணு இருக்கு. கிழவர் ஒருத்தரு, இன்னைக்கு ராத்திரி தாண்டமாட்டாரு. செட்டைக் கொண்டு வா. சத்தம் கூடவா குறையவான்னு கேட்டுச் சொல்லுகதுக்குச் சத்தியபாயையும் கூட்டிட்டு வந்திரு."

ரசலையன் தலையாட்டினான். அவனுடைய தொழில் அப்படியே இருந்தது. காது மட்டும் பெண்டாட்டியிடம் போயிருந்தது.

உபதேசியார் இன்னும் குனிந்தார். "ஒண்ணு சொல்லணும், மக்கா. அரிசிதான் வந்துட்டுன்னு நேத்து சாயங்காலம் மரத்தடியில நின்னோம். ஒரு சொல்லு விடாம, நீ மூக்கு உறிஞ்சினதுகூட, முத்து முத்தாக் கேட்டுது. நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. புது செட்டுன்னா புது செட்டுதான்!"

அத்தனை அவமானத்துக்கு நடுவிலும் ரசலையனுடைய முகம் கொஞ்சம் மலர்ந்தது. பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான்.

சத்தியபாய் அவன் இடது காதோடு குனிந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அது பழசு."